ஃபின்ச் குருவிக்குப் பழமும் கீரையும்: கோளாறு தெரிந்தால் எங்கே பார்ப்பது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து வீடுகளில் ஃபின்ச் கூண்டு பெரும்பாலும் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்தான் இருக்கும். வெளிச்சமும் காற்றும் தாராளமாகக் கிடைக்கும் நல்ல இடம் அது. ஆனால் சித்திரை, வைகாசியில் அந்தத் தாழ்வாரமும் காலை பத்து மணிக்கே காய்ந்துவிடும். ஏழு மணிக்கு வைத்த வெள்ளரித் துண்டு ஒன்பது மணிக்கு வழவழப்பாகியிருக்கும். பழம், காய், கீரை கொடுத்த பிறகு குருவிக்கு ஏதாவது ஆனால் “எதைக் கொடுத்தோம்” என்றுதான் எல்லோரும் முதலில் யோசிக்கிறார்கள். எவ்வளவு கொடுத்தோம், எப்போது வைத்தோம், எப்போது எடுத்தோம் என்ற மூன்றையும் அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மூன்றைத் திருத்தினாலே பல கோளாறுகள் அன்றைக்கே அடங்கிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் கூண்டில் வளர்க்கும் ஜீப்ரா, பெங்காலீஸ், கோல்டியன் ஃபின்ச் வகைகளுக்கு. நம் வயல்வெளியில் பறக்கும் சில்லை, தினைக்குருவி வகைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் சாயம் பூசியோ பூசாமலோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

சரியான அளவு தெரிந்தால்தான் கோளாறு எது என்று தெரியும். ஒரு ஜீப்ரா ஃபின்ச்சின் எடை 12 முதல் 15 கிராம். அதன் உணவு விதைதான்: தினை, பனிவரகு, சாமை, குதிரைவாலி எல்லாம் கலந்து குருவிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். பச்சை உணவு அதன் மேல் சேர்வது. ஒரு ஜோடிக்குக் கொத்தமல்லி இரண்டு இணுக்கு, அல்லது முருங்கைக்கீரை ஒரு சிறு ஈர்க்கு, அல்லது விரல் கனத்தில் பாதி கனம் உள்ள வெள்ளரி வட்டத்தில் கால் பங்கு போதும். இதைத் தினமும் கொடுக்கலாம். பழம் வாரத்துக்கு இரண்டு நாள், ஜோடிக்கு ஒரு பட்டாணி அளவு. காலை ஆறரைக்கு வைத்து எட்டரைக்கு எடுத்துவிட வேண்டும். மார்கழி, தையில் இன்னும் ஒரு மணி நேரம் விட்டுவைக்கலாம். மாலையில் எதுவும் வேண்டாம். இரவு அடைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஃபின்ச் தன் கழுத்தோரத் தீனிப்பையை விதையால் நிரப்பிக்கொள்ளும்; இரவு முழுவதும் அதில்தான் உயிர் வாழும். அந்த நேரத்தில் வெள்ளரியால் வயிற்றை நிரப்பினால் பாதி ராத்திரிக்குள் சக்தி தீர்ந்துபோகும்.

வைத்ததைத் தொடவே மாட்டேன் என்கிறது

அதிகம் கேட்கப்படும் பிரச்சினை இதுதான். ஆபத்து ஒன்றும் இல்லை. கடையில் வெறும் தினையிலேயே வளர்ந்த குருவிக்குப் பச்சையாக ஒரு இலை தொங்கினால் அது உணவு என்று தெரியாது, ஏதோ புதுப் பொருள் என்று பயம்தான் வரும். கிளியைப்போல் காலால் பிடித்துக் கடித்துப் பார்க்கும் பழக்கமும் ஃபின்ச்சுக்குக் கிடையாது. அலகால் ஒரு நுனியைக் கொத்தி இழுக்கும். இலை ஆடினால் விட்டுவிடும். கிண்ணத்தில் நறுக்கிப் போட்ட கேரட் சதுரங்களை அது தொடாததற்கும் இதுதான் காரணம். கடினமான துண்டை அதால் உடைக்க முடியாது.

முதலில் இடத்தைச் சரிபாருங்கள். இலை, அது வழக்கமாக உட்காரும் குச்சிக்கு அருகில், தலை உயரத்தில், ஆடாமல் இருக்க வேண்டும். கூண்டுக் கம்பியில் துணி மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் போட்டுக் கவ்வவிட்டால் போதும். நூல், சணல், வாழைநார், ரப்பர் பேண்டு எதுவும் கூடாது. ஃபின்ச்சின் விரல் அதில் சிக்கிச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்.

அடுத்தது வடிவம். விதை தின்னும் குருவிக்கு விதைபோல் தெரிவதிலிருந்து தொடங்குங்கள். பால் பிடித்த தினைக்கதிர், வரப்பில் முளைத்த குதிரைவாலிக் கதிர், அருகம்புல்லின் பூங்கதிர் இவை கிடைத்தால் முதல் நான்கைந்து நாள் அவை மட்டும் போதும். பச்சையாக இருப்பதும் தீனிதான் என்று அதற்குப் புரிந்துவிடும். மருந்து அடிக்காத வயலாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதன் பிறகு கொத்தமல்லி, முருங்கை என்று சிறிய இலை உள்ளவை. வெள்ளரியை அறிமுகம் செய்யும்போது விதைப்பக்கம் வெளியே தெரியும்படி வெட்டி, அதன் ஈரத்தில் நான்கைந்து தினையை ஒட்டவையுங்கள். தினையைக் கொத்தும்போது வெள்ளரியும் வாயில் படும். கேரட்டைத் துருவி, முட்டைத் தீனி (வேகவைத்து மசித்த முட்டை) கொடுப்பவர்கள் அதோடு பிசறிவிடலாம்.

இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே கீரை தின்று பழகிய ஒரு குருவி அதே கூண்டிலோ, கண்ணில் படும் பக்கத்துக் கூண்டிலோ இருந்தால் அந்த இரண்டு வாரத்தில் பாதியிலேயே வேலை முடியும். ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளும் இனம் இது.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: “பசி வந்தால் தின்னும்” என்று விதைக் கிண்ணத்தை எடுப்பது. இவ்வளவு சிறிய உடம்பு ஒரு நாள் பட்டினியைத் தாங்காது. மறுநாள் காலை கூண்டின் அடியில்தான் கிடக்கும்.

எச்சம் தண்ணீராகப் போகிறது

பயப்படுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளைத் தட்டில் விரியுங்கள். செய்தித்தாள் வேண்டாம், எழுத்தில் நிறம் தெரியாது. ஃபின்ச்சின் எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: கரும்பச்சை அல்லது பழுப்பில் சுருண்ட கெட்டிப் பகுதி, அதன் மேல் வெள்ளைத் தொப்பி, சுற்றிலும் சிறிது தெளிந்த நீர். வெள்ளரி, தர்பூசணி, ஆரஞ்சு தின்றால் மூன்றாவதான அந்த நீர் கூடும். தாளில் நீர் வளையம் பெரிதாகத் தெரியும், ஆனால் நடுவில் கெட்டிச் சுருள் உருக்குலையாமல் இருக்கும். இது வயிற்றுப்போக்கு அல்ல, தின்ற தண்ணீர் வெளியே வருகிறது, அவ்வளவுதான். ஈர உணவை எடுத்துவிட்டால் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

கெட்டிச் சுருளே கரைந்து கஞ்சியாகப் பரவியிருந்தால் அது வயிற்றுப்போக்கு. அப்போது இப்படிப் போங்கள்.

பச்சை உணவு முழுவதையும் நிறுத்துங்கள். விதை, கொதித்து ஆறிய தண்ணீர், மணல்தட்டு மட்டும் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து மாற்றுங்கள். விரலால் தடவினால் உட்புறம் வழுக்குகிறதென்றால் கோளாறு அங்கேயேகூட இருக்கலாம். பிறகு குச்சிக்கு அடியிலும் தட்டின் மூலையிலும் தேடுங்கள். நேற்று வைத்த மாம்பழத் துணுக்கு, வாழைப்பழ இழை எங்காவது ஒட்டியிருக்கும். நம் ஊர்ச் சூட்டில் இனிப்பான பழம் மூன்று நான்கு மணி நேரத்தில் புளித்து நுரைக்கும். அதில் பெருகும் ஈஸ்டும் பாக்டீரியாவும்தான் குடலைக் கெடுக்கின்றன. பழத்தின் மீது பழியைப் போட்டு நிறுத்திவிடுவார்கள். உண்மையில் கெட்டது, எடுக்காமல் விட்ட மிச்சம்.

முளைகட்டிய தினை கொடுப்பவர்கள் அதையும் முகர்ந்து பாருங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் நல்ல தண்ணீரில் அலசி, முளை வெள்ளைப் புள்ளியாகத் தலைகாட்டியதும் கொடுத்துவிட வேண்டும். கோடையில் அலசும் இடைவெளி நான்கு மணி நேரமாகட்டும். புளிப்பு வாடை, வழவழப்பு, கொழகொழப்பு இதில் எது தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கழுவிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

மறுநாள் காலைக்குள் சுருள் திரும்பவில்லை என்றாலோ, குருவி இறகைப் பொம்மென்று உப்பிக்கொண்டு பகலிலும் கண்மூடி உட்கார்ந்திருந்தாலோ, வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். எச்சத்தில் முழு விதை செரிக்காமல் வந்தால் மறுநாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. இரைப்பையில் பூஞ்சைத் தொற்று இருப்பதற்கான அடையாளங்களில் அதுவும் ஒன்று. கீரையை நிறுத்துவதால் அது தீராது. எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

எச்சம் சிவப்பாக, ஊதாவாக, கரும்பச்சையாக

பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, நாவல்பழம், மாதுளை, சிவப்பு டிராகன் பழம் எல்லாம் சாயம் விடும். நேற்று இவற்றில் ஒன்றைக் கொடுத்திருந்தால் ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள், நிறம் போய்விடும். நிறுத்திய பிறகும் சிவப்பு வந்தால் ரத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பச்சையில் இரண்டு வகை. கீரை தின்றதால் வரும் பச்சையில் சுருள் பெரிதாக இருக்கும், வெள்ளைத் தொப்பி வெள்ளையாகவே இருக்கும். எதுவும் தின்னாத குருவியின் எச்சமும் பச்சையாக வரும், ஆனால் அது அளவில் சிறுத்து, பளிச்சென்று, ஒட்டும் பதத்தில் இருக்கும். அது வெறும் வயிற்றுப் பித்தம். விதைக் கிண்ணத்தில் உமிதான் இருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பதுபோலத் தெரியும், எல்லாம் தின்று தள்ளிய உமியாக இருக்கும். வெள்ளைத் தொப்பியே மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் ஈரலைப் பற்றிய கவலை வரவேண்டும். அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்பக்க இறகில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறது

வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒரு நிமிடம் ஒத்தி ஊறவிட்டுப் பிறகு துடையுங்கள். உலர்ந்ததைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். ஆசனவாய் அடைபட்டிருந்தால் இதை உடனே செய்ய வேண்டும். பிறகு மேலே வயிற்றுப்போக்குக்குச் சொன்னதைத் தொடருங்கள்.

கீரையும் பழமும் மட்டும் தின்கிறது, விதையை ஒதுக்குகிறது

“நன்றாகச் சாப்பிடுகிறது” என்று மகிழ்ந்து அளவைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் வீட்டில் இது நடக்கும். வெள்ளரியில் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். அதை வயிறு முட்டத் தின்றாலும் குருவிக்குக் கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. வெளியே இறகு இருப்பதால் இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. கையில் பிடித்து நெஞ்சு நடுவில் விரலை ஓட்டுங்கள். நடு எலும்பின் இருபுறமும் சதை உருண்டு இருந்தால் சரி. எலும்பு கத்தி முனைபோல் விரலில் பட்டால் குருவி இளைத்துவிட்டது.

நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற சின்ன மின் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது ஃபின்ச் வளர்ப்பவருக்குப் பெரிய உதவி. மூடியில் துளையிட்ட சின்ன டப்பாவில் குருவியை விட்டு, வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில், காலைத் தீனிக்கு முன் எடை பாருங்கள். 14 கிராம் குருவி 12.5க்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், கவனிக்க வேண்டும். ஒரு வாரம் பச்சை உணவை நிறுத்திவிட்டு, பிறகு விதை தின்று முடித்த பிறகே, அதாவது காலை ஏழரைக்கு மேல், பாதி அளவு வையுங்கள். விதையே பழையதாகி வண்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல விதையை ஃபின்ச் எளிதில் ஒதுக்காது. ஈரத்துணியில் ஐம்பது தினையைக் கட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலானவை முளைக்க வேண்டும். முளைக்காவிட்டால் அந்த மூட்டையை மாற்றுங்கள்.

அலகு பிசுபிசுக்கிறது, முகத்து இறகு ஒட்டுகிறது

மாம்பழம், நன்கு பழுத்த வாழைப்பழம், சப்போட்டா. மூன்றுமே சின்ன அலகுக்கு ஒட்டும். பால் வடியும் பலாவைக் கொடுக்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் ஆலங்குடி, வடகாட்டுப் பலா வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் ஒரு துணுக்கைக் கூண்டுக்குள் நீட்டத்தான் செய்வார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அலகில் ஒட்டியதைக் குருவி குச்சியில் தேய்க்கும், குச்சியில் எறும்பு ஏறும், மூக்குத் துளையும் அடைபடலாம். ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டு, குளிக்க ஒரு தட்டில் அரை அங்குலம் தண்ணீர் வையுங்கள். தானே கழுவிக்கொள்ளும். வாயோரத்தில் வெள்ளைப் படலம், வாயைத் திறந்து திறந்து மூடுவது, கழுத்தை நீட்டி விழுங்கத் திணறுவது தெரிந்தால் அது ஒட்டல் அல்ல, வாயிலும் தீனிப்பையிலும் ஈஸ்ட் பிடித்திருக்கலாம்.

பழத்தில் ஒட்டாதவை கொய்யா, ஆப்பிள், மாதுளை முத்து. மாதுளையை நசுக்கிக் கொடுங்கள். கொய்யாவின் சதையை மட்டும் கொடுங்கள். ஆப்பிளின் விதையையும் நடுப்பகுதியையும் எடுத்துவிட வேண்டும், அந்த விதையில் நச்சு உண்டு.

எறும்பும் பழ ஈயும்

கூண்டைத் தரையிலோ திண்ணையிலோ வைக்காமல் ஒற்றைக் கொக்கியில் தொங்கவிடுங்கள். கொக்கியின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தைத் துளையிட்டுக் கோத்து, ஓட்டையை அடைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் எறும்பு தாண்டாது. வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள், கொசு முட்டையிடும். எறும்புப் பொடியும் எறும்புச் சாக்பீஸும் கூண்டுக்கு அருகில் கூடவே கூடாது. அவற்றில் இருப்பது பூச்சிமருந்து. தட்டில் விழுந்த தூளைக் குருவி மணல் என்று கொத்தும். பழ ஈ வந்தால் குருவிக்குக் கெடுதல் இல்லை, சில ஃபின்ச் அதைப் பிடித்தும் தின்னும். ஆனால் ஈ வருகிறதென்றால் எங்கோ மிச்சம் புளிக்கிறது.

பெட்டை கூண்டின் அடியில் உப்பி உட்கார்ந்திருக்கிறது

முட்டையிடும் காலத்தில் இது தெரிந்தால் மற்ற வேலையைப் போட்டுவிட்டு இதைப் பாருங்கள். வால் மேலும் கீழும் ஆடுகிறது, முக்குகிறது, குச்சியில் ஏற முடியவில்லை, வயிறு புடைத்திருக்கிறது என்றால் முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், குறைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். முட்டை ஓடு உருவாகவும், அதைத் தள்ளும் தசை இறுகவும் அந்தச் சத்துதான் வேண்டும்.

கீரைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாலக், தண்டுக்கீரை, சிறுகீரை, பீட்ரூட் இலை இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாது. நல்ல கீரை என்று பாலக்கைத் தினமும் வைத்து, வேறு சுண்ணாம்பும் தராத கூண்டில் பெட்டை முட்டையிடத் தொடங்கினால் ஆபத்து. இந்தக் கீரைகளை வாரம் ஒரு நாள் வைத்தால் போதும். தினசரிக்கு முருங்கைதான் முதல். நூறு கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, கூடவே வைட்டமின் ஏ சத்தும். விதைத் தீனியில் முக்கியமாகக் குறைபவற்றில் இந்த இரண்டும் உண்டு. கொல்லையில் ஒரு மரம் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. பறிக்கும்போது இலையின் அடிப்பக்கம் பாருங்கள். மழை விட்ட நாட்களில் கம்பளிப்பூச்சி மொய்த்த கிளையிலிருந்து பறிக்க வேண்டாம், உதிர்ந்த ரோமம் இலையில் ஒட்டியிருக்கும்.

கீரை எதுவானாலும் கூண்டில் கணவாய் ஓடு எப்போதும் இருக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தருவார்கள். மிருதுவான பக்கம் குருவியைப் பார்த்திருக்கும்படி கம்பியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். கோழிமுட்டை ஓட்டைப் பத்து நிமிடம் வேகவைத்துக் காயவைத்து ரவைப் பதத்தில் நொறுக்கியும் வைக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். “அதுவும் சுண்ணாம்புதானே” என்று தடவி வைப்பவர்கள் உண்டு. நீற்றிய சுண்ணாம்பு வாயையும் தீனிப்பையையும் வேகவைத்துவிடும்.

இப்போது அடைத்திருக்கிறது என்றால்: பெட்டையைத் தனியாக ஒரு சிறு பெட்டியில், மெத்தென்ற துணிமேல் விடுங்கள். பெட்டிக்குள் 30 டிகிரி சூடு இருக்கட்டும். கார்த்திகை, மார்கழியில் 40 வாட் பல்பை ஒரு ஓரத்தில் வைத்து, எட்டிப்போகவும் இடம் விடுங்கள். கோடைப் பகலில் பல்பு வேண்டியதில்லை, தாழ்வாரமே அதைவிடச் சூடு. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஈரத்துணி ஒன்றைப் பெட்டியின் ஓரத்தில் போட்டுக் காற்றில் ஈரம் கூட்டுங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள், முட்டையை இழுக்காதீர்கள், எண்ணெயை உள்ளே விடாதீர்கள். உள்ளே ஓடு உடைந்தால் பிழைப்பது அரிது. பெட்டியைத் தயார் செய்யும்போதே மருத்துவருக்குப் போன் போட்டுவிடுங்கள். கால்சியம் ஊசியும் மற்ற உதவியும் அவர் கையில்தான் இருக்கிறது, மணிக்கணக்கில் காத்திருக்க நேரம் கிடையாது.

குஞ்சு வளரவில்லை

ஜீப்ரா குஞ்சின் கழுத்தோரத்தில் தீனிப்பை தோல் வழியாகவே தெரியும். உள்ளே விதை மணிமணியாகத் தெரிந்தால் சரி. வெறும் பச்சை நீராகத் தெரிந்தால் தாய் தகப்பன் இரண்டும் கீரையையும் வெள்ளரியையும் கொண்டுபோய் ஊட்டுகின்றன. பெற்றவை எது எளிதில் கிடைக்கிறதோ அதை ஊட்டும். முதல் பத்து நாள் வெள்ளரியும் பழமும் நிறுத்துங்கள். முளைகட்டிய தினை, வேகவைத்த முட்டையை ஓட்டோடு மசித்த தீனி, சிறிது முருங்கைப்பொடி இவற்றைக் காலையிலும் மதியமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாக வையுங்கள். முட்டைத் தீனியும் கோடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 18 முதல் 21 நாளில் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வரும். அதன் பிறகும் இரண்டு வாரம் பெற்றவைதான் ஊட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் கீரை இணுக்கைத் தாழ்ந்த குச்சிக்கு அருகே மாட்டினால் குஞ்சும் கொத்திப் பழகும்.

கீரை வைத்த சில மணி நேரத்தில் பல குருவிகள் ஒன்றாக விழுகின்றன

நோய் இவ்வளவு வேகமாக எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தாக்காது. நடுக்கம், தள்ளாட்டம், வாயில் நீர், மூச்சுத் திணறல் தெரிந்தால் பூச்சிமருந்துதான் முதல் சந்தேகம். கீரையை எடுத்துக் கவரில் போட்டு வையுங்கள், எறிய வேண்டாம், மருத்துவருக்குக் காட்ட வேண்டும். கூண்டைக் காற்றோட்டமான நிழலுக்கு மாற்றி உடனே கிளம்புங்கள். வாயில் தண்ணீர், பால், கஷாயம் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

அதே சமயம் அடுப்படியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான்ஸ்டிக் தவா காலியாகக் காய்ந்திருந்தால் அந்தப் புகையும் சில நிமிடத்தில் குருவியைக் கொல்லும். மிளகாய் தாளித்த நெடி, கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி இவையும் ஃபின்ச்சின் நுரையீரலுக்கு ஆகாதவை. ஆச்சி சாம்பிராணி போடும் நேரத்தில் கூண்டை முகப்புக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இனி வாங்கும் காய்கறிக்கு: கறிவேப்பிலை, காலிஃபிளவர், கத்தரிக்காய் இவற்றுக்கு மருந்து அடிப்பது அதிகம், குருவிக்குத் தேவையும் இல்லை. மற்ற கீரையை ஓடும் தண்ணீரில் அலசி, ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பதினைந்து நிமிடம் போட்டு, மீண்டும் இரண்டு முறை அலசி, ஈரம் உதறி வையுங்கள். மேலே படிந்த மருந்து இதில் பெருமளவு போகும். செடி வேர் வழியாக உறிஞ்சியது போகாது. ஆகவே ஒரு ஜோடிக்கு வேண்டிய இரண்டு இணுக்கை வீட்டிலேயே வளர்ப்பதுதான் நிம்மதி. முற்றத்தில் இரண்டு தொட்டி போதும். ஒன்றில் கொத்தமல்லி, இன்னொன்றில் குருவித் தீனியிலிருந்தே ஒரு பிடி தினை. தினை பத்தாம் நாள் விரல் நீளப் பசும்புல்லாகிவிடும், தொட்டியோடு கூண்டுக்குள் வைக்கலாம். கடை வெள்ளரியின் தோலைச் சீவிவிடுங்கள்.

கூண்டுக்குள் எந்நாளும் போகக் கூடாதவை: வெண்ணெய்ப்பழம், வெங்காயம், பூண்டு, பச்சை உருளைக்கிழங்கு, பச்சை மரவள்ளி, ஊறாத பச்சைப் பயறு வகை, மணத்தக்காளியின் பச்சைக் காய், சாக்லேட், உப்பும் எண்ணெயும் சேர்ந்த எதுவும். வெண்ணெய்ப்பழம் கொடைக்கானலிலிருந்து இப்போது நம் ஊர்க் கடைகளுக்கும் வருகிறது. மனிதருக்கு நல்லது, குருவியின் இதயத்துக்கு நஞ்சு. பணியாரமும் சீடையும் ஆசையாக நீட்டினாலும் தடுத்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். பரிசோதனை தேவைப்பட்டால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குருவியைப் பெரிய கூண்டோடு தூக்கிப்போக வேண்டாம். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், அடியில் வெள்ளைத் தாள் விரித்து, இருட்டாக மூடி எடுத்துச் செல்லுங்கள். குச்சி, தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம். கொஞ்சம் விதையைத் தாளிலேயே தூவிவிடுங்கள். தண்ணீருக்குப் பதிலாக ஒரு சின்ன வெள்ளரித் துண்டு போதும், வயிற்றுப்போக்கு இல்லாத குருவியாக இருந்தால். பஸ்ஸில் ஜன்னலோரக் காற்றும் நேர் வெயிலும் படாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று நாளில் என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எடை என்ன என்பதை ஒரு சீட்டில் எழுதி, பெட்டியில் விழுந்த புது எச்சத் தாளோடு சேர்த்துக் கொடுங்கள்.